கால்பந்து ரசிகரின் கண்ணில் பேஸ்பால்

2019-ஆம் ஆண்டு ஜூன் 29, 30 ஆகிய இரு நாள்களில் லண்டன் ஸ்டேடியம் வழக்கத்துக்கு மாறான கோலத்தில் காட்சியளித்தது. 2012 ஒலிம்பிக் போட்டிகளுக்காகக் கட்டப்பட்டு, 2016 முதல் வெஸ்ட் ஹாம் யுனைடெட் கால்பந்து அணியின் சொந்தக் களமாக விளங்கும் அந்த அரங்கில் கோல் கம்பங்களைக் காணவில்லை. செயற்கைப் புல்தரை விரிக்கப்பட்டு, பேஸ்பாலுக்குரிய மண்பரப்பும் பந்தெறியும் மேடும் அமைக்கப்பட்டிருந்தன. நியூயார்க் யாங்கீஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ் ஆகிய இரு புகழ்பெற்ற அணிகள் அங்கே மோதின. அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் முறையான பருவ ஆட்டங்கள் ஐரோப்பிய மண்ணில் நடைபெற்றது அதுவே முதல் முறை. முதல் நாள் ஆட்டத்தைக் காண 59,659 பேர் திரண்டனர்.

முதல் இன்னிங்ஸிலேயே இரு அணிகளும் தலா 6 ரன்கள் குவித்தன. இரு தரப்பிலும் முதலில் பந்தெறிய வந்தவர்கள் அந்த இன்னிங்ஸைக்கூட முடிக்க இயலாமல் களத்தைவிட்டு அனுப்பப்பட்டனர். அந்த ஓர் இன்னிங்ஸ் முடிவதற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆயிற்று. இறுதியில் யாங்கீஸ் அணி 17-13 என்ற கணக்கில் வென்றபோது 4 மணி 42 நிமிடங்கள் கடந்திருந்தன. மறுநாளும் அதே அணி 12-8 என்று வென்றது. இரண்டே ஆட்டங்களில் 50 ரன்கள்! ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ மூன்று கோல்களையே கண்டு பழகிய ஊர் அது.

கிரிக்கெட்டில் ஊறிய நமக்கு 30 ரன்களோ ஐந்து மணி நேரமோ வியப்பளிப்பதில்லை. ஐந்து நாள் டெஸ்ட் ஆட்டத்தையே பொறுமையோடு பார்த்தவர்கள் நாம். ஆனால் 90 நிமிடங்களில் வாழ்வா சாவா என்று முடிந்துவிடும் கால்பந்தைக் குடும்ப வழக்கமாகவே பெற்றுக்கொண்ட ஒருவர் பேஸ்பால் அரங்கில் முதன்முறையாக அமரும்போது, அவர் கண்ணில் படுபவை வேறு. லண்டனில் 2019-இலும், பின்னர் 2023, 2024 ஆண்டுகளிலும் நடந்த ஆட்டங்களைப் பார்த்தவர்களும், சுற்றுலாவாக நியூயார்க், பாஸ்டன், சிகாகோ சென்று பார்த்து வந்தவர்களும் பகிர்ந்துகொள்ளும் அனுபவங்களில் சில செய்திகள் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன. அவற்றைத் தொகுத்துப் பார்த்தால், பேஸ்பாலைப் பற்றி மட்டுமன்றிக் கால்பந்தைப் பற்றியும், நம் நாட்டு விளையாட்டு அரங்குகளைப் பற்றியும்கூட நாம் சிலவற்றைத் தெரிந்துகொள்ள முடிகிறது.

நூற்றாண்டைக் கடந்த உறவு

கால்பந்து நாட்டுக்குப் பேஸ்பால் முற்றிலும் அந்நியமானது என்று கருதிவிட வேண்டாம். டெர்பி நகரத்து வார்ப்பாலை அதிபர் பிரான்சிஸ் லே அமெரிக்கப் பயணத்தின்போது பேஸ்பாலைக் கண்டு மனம் பறிகொடுத்தார். தம் தொழிலாளர்களுக்காக அமைத்த விளையாட்டுத் திடலில் அந்த ஆட்டத்துக்கும் இடமளித்தார். 1890-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பேஸ்பால் லீக் ஒன்று நடத்தப்பட்டது. அதில் பங்கேற்றவை ஆஸ்டன் வில்லா, பிரஸ்டன் நார்த் எண்ட், ஸ்டோக், டெர்பி என்று இன்றும் கால்பந்து ரசிகர்கள் நன்கறிந்த பெயர்களே. கோப்பையை வென்றது ஆஸ்டன் வில்லா.

அந்த லீக் நிலைக்கவில்லை. ஆனால் லே அமைத்த திடலுக்கு டெர்பி கவுண்டி கால்பந்து அணி 1895-இல் குடிபெயர்ந்து, 1997 வரை அங்கேயே ஆடியது. நூறாண்டுக்கு மேல் கால்பந்து ஆடப்பட்ட அந்தக் களத்தின் பெயர் கடைசிவரை ‘பேஸ்பால் கிரவுண்ட்’ என்பதுதான். இங்கிலாந்துக்காக 23 ஆட்டங்களில் 28 கோல்கள் அடித்த ஸ்டீவ் புளூமர் டெர்பிக்காகப் பேஸ்பாலும் ஆடியவர்.

கடிகாரமும் பொறுமையும்

கால்பந்து ரசிகரை முதலில் திகைக்க வைப்பது நேரம். கால்பந்தில் கடிகாரம்தான் ஆட்டத்தின் எசமானர். ஒரு கோல் முன்னிலையில் இருக்கும் அணி கடைசிப் பத்து நிமிடங்களை எப்படியாவது ஓட்டிவிடப் பார்க்கும். பின்தங்கிய அணி நொடிகளோடு போராடும். பேஸ்பாலில் ஆட்டத்தை முடித்துவைக்கும் கடிகாரமே கிடையாது. ஒவ்வொரு அணிக்கும் ஒன்பது இன்னிங்ஸ்; ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று பேர் ஆட்டமிழக்கும் வரை மட்டையாடலாம். முன்னிலையில் இருப்பவர் நேரத்தைக் கடத்தித் தப்பிக்க வழியில்லை. எதிரணியின் 27-ஆவது ஆட்டக்காரரையும் வீழ்த்தியே ஆக வேண்டும். சமநிலையில் முடிவதும் இல்லை. வெற்றி தோல்வி தெரியும்வரை கூடுதல் இன்னிங்ஸ்கள் தொடரும்.

இதன் மறுபக்கம் இடைவெளிகள். பந்தெறிபவர் யோசிக்கிறார், மட்டையாளர் கையுறையைச் சரிசெய்கிறார், கேட்சர் விரல்களால் சைகை காட்டுகிறார். அந்த அமைதியில்தான் அடுத்த பந்தின் வேகமும் வளைவும் தீர்மானிக்கப்படுகின்றன என்பது புதியவருக்குத் தெரிய நாளாகும். ஓயாமல் ஓடும் பந்துக்குப் பழகிய கண்ணுக்கு அது வெறும் காத்திருப்பாகவே தோன்றும். இந்தக் குறை அமெரிக்க ரசிகர்களிடமும் இருந்தது. அதனால் 2023-ஆம் ஆண்டு முதல், பேஸ்களில் எவரும் இல்லாதபோது 15 நொடிகளுக்குள் பந்தெறியத் தொடங்கிவிட வேண்டும் என்று விதி வகுக்கப்பட்டது. முந்தைய ஆண்டில் சராசரியாக 3 மணி 4 நிமிடங்கள் நீடித்த ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் ஏறத்தாழ 2 மணி 40 நிமிடங்களாகச் சுருங்கியது. லண்டனில் 2019-இல் பார்த்தவரும் 2024-இல் பார்த்தவரும் ஏறக்குறைய வேறு வேறு ஆட்டங்களைப் பார்த்தார்கள் என்றே சொல்லலாம்.

தோல்வியைப் பேஸ்பால் கணக்கிடும் விதமும் புதியவருக்கு விந்தையாக இருக்கும். பத்து வாய்ப்புகளில் மூன்று முறை சரியாக அடிப்பவர் அங்கே சிறந்த மட்டையாளர். 1941-இல் டெட் வில்லியம்ஸ் .406 என்ற சராசரியைப் பெற்றது இன்றளவும் வியந்து பேசப்படுகிறது. அதாவது ஆயிரத்துக்கு 406. அந்த மாபெரும் பருவத்திலும் அவர் வென்றதைவிடத் தோற்ற முறைகளே அதிகம்.

எதிரணியாருக்குப் பக்கத்து இருக்கை

அடுத்த வியப்பு பார்வையாளர் மாடம். இங்கிலாந்துக் கால்பந்து அரங்கில் வெளியூர் ரசிகர்களுக்குத் தனி வாயில், தனிப் பகுதி, நடுவே காவலர் வரிசை. அவ்வணியின் சட்டையோடு உள்ளூர் ரசிகர்கள் நடுவே அமர்ந்தால் வெளியேற்றப்பட நேரும். 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, களம் கண்ணில் படும் இடத்தில் அமர்ந்து மது அருந்தவும் அனுமதியில்லை. அப்படிப்பட்ட ஒருவர் பாஸ்டனின் பென்வே பார்க்கில் ரெட் சாக்ஸ் சட்டைக்கும் யாங்கீஸ் சட்டைக்கும் இடையே அமர்ந்து, கையில் பியரும் மடியில் வேர்க்கடலையுமாக ஆட்டம் பார்க்கும்போது, ‘இது விளையாட்டுப் போட்டியா, ஊர்த் திருவிழாவா?’ என்ற ஐயம் அவருக்கு எழுவது இயல்பே. பக்கத்தில் இருப்பவர் விதிகளை விளக்கிச் சொல்கிறார். குழந்தைகள் கையுறை மாட்டிக்கொண்டு பந்துக்காகக் காத்திருக்கிறார்கள். மாடத்துக்கு வந்த பந்தைப் பிடித்தவரே வைத்துக்கொள்ளலாம். கால்பந்திலும் நம் கிரிக்கெட்டிலும் பந்தைத் திருப்பித் தந்துவிட வேண்டும். ஆனால் சிகாகோவின் ரிக்லி பீல்டில் மட்டும் எதிரணியின் ஹோம் ரன் பந்தைக் களத்துக்குள் திருப்பி எறிந்துவிடுவது ரசிகர்களின் மரபு. கால்பந்து ரசிகர்களுக்கு இந்தச் செய்கை உடனே புரிந்துவிடும்.

எனினும் அவர்களுக்குக் குறையாகப் படுவதும் உண்டு. மாடம் பாடுவதில்லை. கால்பந்தில் ஆயிரக்கணக்கானோர் தொண்ணூறு நிமிடமும் தாமாகவே பாடுகிறார்கள். அமெரிக்கப் பேஸ்பாலிலோ பெரிய திரை ‘கைதட்டுங்கள்’ என்று சொன்ன பிறகுதான் பெரும்பாலும் கைதட்டல் எழுகிறது. ஏழாவது இன்னிங்ஸ் நடுவே அனைவரும் எழுந்து நின்று பாடும் வழக்கம் ஒன்று உண்டு. பென்வேயில் எட்டாவது இன்னிங்ஸ் நடுவே ‘ஸ்வீட் கரோலைன்’ பாடல் ஒலிக்கும். நீல் டைமண்ட் 1969-இல் வெளியிட்ட அந்தப் பாடலை 2021-இல் வெம்பிளியில் ஜெர்மனியை வென்ற மகிழ்ச்சியில் இங்கிலாந்து ரசிகர்களும் தமதாக்கிக்கொண்டனர். இரு விளையாட்டுகளின் மாடங்களும் ஒரே குரலில் பாடும் பாடல் இன்று அதுதான்.

பாட்டுக்கு ஏங்கும் கால்பந்து ரசிகர் ஜப்பானுக்குப் போனால் மகிழ்வார். அங்கே களத்தின் பின்புற மாடங்களில் இரு அணிகளின் ஆதரவாளர் குழுக்களும் தனித்தனியே அமர்ந்து, முரசும் ஊதுகருவிகளும் முழங்க, ஒவ்வொரு மட்டையாளருக்கும் உரிய தனிப்பாடலைப் பாடுகிறார்கள். 1924-இல் திறக்கப்பட்ட கோஷியென் அரங்கில் ஹான்ஷின் டைகர்ஸ் ரசிகர்கள் எழுப்பும் ஓசை எந்தக் கால்பந்து அரங்குக்கும் இளைத்ததன்று. அங்கே வழக்கமான பருவ ஆட்டங்கள் 12 இன்னிங்ஸுக்குப் பிறகும் சமநிலையில் இருந்தால் அப்படியே முடிவதும் உண்டு. ஆக, அமெரிக்க மாடத்தின் அமைதி பேஸ்பாலின் இயல்பு என்று சொல்லிவிட இயலாது.

கடைசி இடத்துக்குத் தண்டனை இல்லை

அமெரிக்க மாடம் ஏன் இத்தனை நிதானமாக இருக்கிறது? கால்பந்து ரசிகர்கள் தங்களுக்குள் நெடுநேரம் விவாதிக்கும் கேள்வி இது. முதல் காரணம் எளிய கணக்கு. இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் ஓர் அணிக்கு ஒரு பருவத்தில் 38 ஆட்டங்கள்; மேஜர் லீக் பேஸ்பாலில் 162. ஏறக்குறைய அன்றாடம் ஓர் ஆட்டம். 2003-04 பருவத்தில் ஆர்சனல் அணி ஒரு தோல்விகூட இல்லாமல் பட்டம் வென்றது. 2018-இல் ரெட் சாக்ஸ் அணி பருவத்தில் 54 முறை தோற்ற பிறகும் உலகத் தொடர் கோப்பையை வென்றது. தொடர் வைப்புக் கணக்கில் சேரும் சிறு தொகையைப் போல, அங்கே ஒரு நாள் வெற்றியும் ஒரு நாள் தோல்வியும் மொத்தத்தில் கரைந்துவிடுகின்றன. இன்று தோற்றால் நாளை மாலை மறுபடியும் ஆட்டம் உண்டு.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. பிரீமியர் லீகின் 20 அணிகளில் கடைசி மூன்று இடங்களைப் பெறுபவை அடுத்த கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படுகின்றன. வருமானம் சரிகிறது, ஆட்டக்காரர்கள் விலகுகிறார்கள், ஊழியர்கள் வேலை இழக்கிறார்கள். 2016-இல் வாகை சூடிய லெஸ்டர் சிட்டி 2023-இல் தரமிறக்கப்பட்டது. 2009-இல் ஐந்தாம் பிரிவுக்கே சரிந்த லூட்டன் டவுன், அதே 2023-இல் முதல் பிரிவுக்கு ஏறி வந்து, அடுத்த ஆண்டே கீழிறங்கியது. கால்பந்து ரசிகரின் உற்சாகத்துக்கு அடியில் எப்போதும் ஓர் அச்சம் உறைந்திருக்கிறது என்றால் அதற்குக் காரணம் இதுவே.

மேஜர் லீக் பேஸ்பாலின் 30 அணிகளுக்கு இந்த அச்சம் கிடையாது. 2024-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி 121 ஆட்டங்களில் தோற்றது. 1900-க்குப் பிந்தைய காலத்தில் எந்த அணியும் ஒரு பருவத்தில் இத்தனை முறை தோற்றதில்லை. ஆயினும் மறு ஆண்டு அதே லீகில், அதே வரிசையில் அது களமிறங்கியது. கால்பந்து ரசிகர்களுக்கு இது ஏறக்குறைய அநீதியாகவே படுகிறது. ‘தோற்றால் இழப்பதற்கு ஒன்றுமில்லையெனில், செப்டம்பர் மாதத்தில் அந்த ரசிகர் எதற்காக அரங்குக்கு வருகிறார்?’ என்று அவர்கள் கேட்கிறார்கள். வருகிறார்கள் என்பதுதான் விடை. சிகாகோவின் மற்றோர் அணியான கப்ஸ், 1908-க்குப் பிறகு 2016-இல்தான் கோப்பையை வென்றது. இடைப்பட்ட 108 ஆண்டுகளில் தாத்தாவின் இருக்கையில் பேரன் அமர்ந்தான்.

அணியே ஊரைவிட்டுப் போனால்

தரமிறக்கம் இல்லாத ஏற்பாட்டில் ஆபத்தே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. வங்கித் தொழிலில் இருப்பவர்கள் நன்கறிந்த உண்மை ஒன்று உண்டு: இடர் மறைந்துபோவது அரிது, பெரும்பாலும் அது கைமாறுகிறது. கால்பந்தில் அணியின் உரிமையாளரும் ரசிகரும் ஒரே அச்சத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அமெரிக்க ஏற்பாட்டில் உரிமையாளரின் முதலீடு பாதுகாக்கப்படுகிறது. ஆனால் ரசிகருக்கு வேறோர் அச்சம் காத்திருக்கிறது. தோல்வியால் அணி கீழே போகாது. உரிமையாளரின் கணக்கு மாறினால் வேறு நகரத்துக்கே போய்விடலாம்.

1957-ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்குச் சென்றது. அண்மைய எடுத்துக்காட்டு ஓக்லாண்ட். அத்லெடிக்ஸ் அணி 1968 முதல் அந்நகரில் ஆடி நான்கு உலகத் தொடர் கோப்பைகளை வென்றது. லாஸ் வேகாஸுக்கு அணியை மாற்றும் திட்டம் தெரியவந்ததும், 2023 ஜூன் 13 அன்று ரசிகர்கள் புதுமையான போராட்டம் ஒன்றை நடத்தினர். அரங்கைப் புறக்கணிப்பதற்கு மாறாக, 27,759 பேர் கூடி வந்து, ‘அணியை விற்றுவிடு’ என்று உரிமையாளரை நோக்கி முழங்கினர். அன்று அரங்கம் கால்பந்து அரங்கைப் போலவே ஒலித்தது. பயன் இல்லை. 2024 செப்டம்பர் 26 அன்று 46,889 பேர் முன்னிலையில் ஓக்லாண்டில் கடைசி ஆட்டம் நடந்தது. அத்லெடிக்ஸ் 3-2 என வென்று விடைபெற்றது.

இந்தத் துயரம் கால்பந்து ரசிகர்களுக்கு நன்றாகவே புரியும். இங்கிலாந்தில் இத்தகைய மாற்றம் அரிது. ஆயினும் லண்டனின் விம்பிள்டன் அணியை மில்டன் கீன்ஸ் நகருக்கு மாற்ற 2002-இல் அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் கலங்கி நிற்கவில்லை. அதே ஆண்டு ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற புதிய அணியைத் தாங்களே தொடங்கி, ஒன்பதாம் பிரிவிலிருந்து ஆடத் தொடங்கினர். ஒன்பதே பருவங்களில், 2011-இல், தொழில்முறை லீகுக்குள் நுழைந்தனர். 2020-இல் தங்கள் பழைய வட்டாரமான பிளவ் லேனுக்கே திரும்பினர். கீழே தள்ளும் அதே படிக்கட்டுதான் அவர்கள் மேலே ஏறி வரவும் உதவியது. ஓக்லாண்ட் ரசிகர்கள் எத்தனை முயன்றாலும் மேஜர் லீகுக்குள் ஏறிச் செல்ல அத்தகைய படிக்கட்டு அங்கே இல்லை.

இதனால்தான் 2021 ஏப்ரல் 18 அன்று ‘ஐரோப்பிய சூப்பர் லீக்’ என்ற திட்டம் அறிவிக்கப்பட்டபோது கால்பந்து உலகம் கொதித்தெழுந்தது. 15 நிறுவன அணிகளுக்கு நிரந்தர இடம். அவற்றுக்குத் தரமிறக்கம் கிடையாது. அதில் சேர்ந்த 12 அணிகளுள் ஆறு இங்கிலாந்து அணிகள். ரசிகர்கள் தெருவில் இறங்கினர். இரண்டே நாள்களில் அந்த ஆறும் பின்வாங்கின. லிவர்பூல் அணியின் முதன்மை உரிமையாளர் ஜான் ஹென்றி ரசிகர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் உரிமையாளரும் அவரே. ஒரே நிறுவனத்தின் கையில் இரு அணிகள். ஒன்றின் ரசிகர்கள் இயல்பாக ஏற்றுக்கொண்ட ஏற்பாட்டை மற்றொன்றின் ரசிகர்கள் தங்கள் உயிர்மூச்சுக்கு எதிரானதாகக் கண்டனர்.

நமக்கு எது?

இந்த விவாதம் நமக்குத் தொலைவில் உள்ளதன்று. 2008-இல் தொடங்கிய ஐபிஎல் அமெரிக்க மாதிரியைத் தழுவியது. கடைசி இடத்துக்குத் தண்டனை இல்லை. குடும்பத்தோடு மாலைப்பொழுதைக் கழிக்க ஏற்ற மாடம் உண்டு. அதற்குரிய விலையையும் நம் ரசிகர்கள் கொடுத்திருக்கிறார்கள். கொச்சி டஸ்கர்ஸ் கேரளா 2011-இல் ஒரே ஒரு பருவம் ஆடி மறைந்தது. கால்பந்தில் டெல்லி டைனமோஸ் 2019-இல் புவனேசுவரத்துக்குச் சென்று ஒடிசா எஃப்சி ஆனது. கொல்கத்தாவில் மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் தலைமுறை தலைமுறையாகத் தங்களை ஒப்புக்கொடுத்த குடும்பங்களுக்கு, ஓர் அணி ஊர் மாறுவது என்பது எத்தகைய இழப்பு என்று எவரும் விளக்கத் தேவையில்லை.

கால்பந்து ரசிகர்கள் பேஸ்பாலில் கண்டு மகிழ்ந்தவற்றுள் நாம் எடுத்துக்கொள்ளத் தக்கவை உண்டு. எதிரணியின் சட்டை அணிந்தவர் அருகில் அச்சமின்றி அமர முடிவதும், இன்றைய தோல்வியை நாளைய ஆட்டத்துக்குச் சுமந்து செல்லாத மனநிலையும் எந்த விளையாட்டுக்கும் அழகு சேர்ப்பவை. கால்பந்து ரசிகர்களிடமிருந்து பேஸ்பால் உலகம் கற்கத் தக்கதும் உண்டு. அணியின் பெயரும் முத்திரையும் சட்டப்படி யாருக்குச் சொந்தமாயினும், அதற்காக மழையில் நனைந்த ஊருக்கும் அதில் பங்கு உண்டு என்று அவர்கள் விடாமல் வாதாடுகிறார்கள்.

வாய்ப்புக் கிடைத்து வாசகர்கள் எவரேனும் அமெரிக்காவிலோ ஜப்பானிலோ பேஸ்பால் ஆட்டம் காணச் சென்றால், பந்தின் மீது மட்டும் கண்ணை வைக்க வேண்டாம். இன்னிங்ஸுகளுக்கு இடையே மாடத்தையும் பாருங்கள். பக்கத்து இருக்கைக்காரரிடம், எத்தனை ஆண்டுகளாக இந்த அணியின் ரசிகர் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடை அவருடைய தந்தையிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ தொடங்கும்.